சரியாக இருந்த வரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பி,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா, இல்லை இன்னும் அந்தக் கால் ஆடும் நாற்காலியோடுதான் குடித்தனமா?

ஒரு உதவி வேண்டும். போனில் கேட்டால் உன் அண்ணன் காதில் விழும். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். வீட்டில் ஒரு கணினி, அலுவலகம் கொடுத்தது ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறார். இதில் எழுதியது அதில் இல்லை, அதில் திருத்தியது இதில் இல்லை. எது புதியது, எது பழையது என்று தேடுவதிலேயே காலைப்பொழுது கழிந்துவிடுகிறது. போன முறை வந்திருந்தபோது நீ அவரிடம் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாய். கோட் எழுதும் எடிட்டரையே ஒரு சர்வரில் வைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் பிரவுசரில் திறந்து வேலை பார்க்கலாம் என்று. நான் அப்போது அச்சகத்துப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்தான் தாளில் இருந்தது, காது உங்கள் பக்கம். அது மாதிரி ஒன்று அவருக்கு அமைத்துத் தர முடியுமா? ஒரே இடமாக இருக்க வேண்டும். திறந்தால் நேற்று விட்டது விட்டபடி இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

ரத்த வங்கிகளின் குளிர் அறையில் சூடு ஏறினால் ஊழியர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் அந்த மென்பொருள் முழுக்க இவர் ஒருவர் தலையில்தான், உனக்குத் தெரியும். கொஞ்சம் அசதியாக இருக்கிறார். வேறொன்றுமில்லை. நீயாகவே செய்து கொடுத்ததாக இருக்கட்டும், நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜனவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நாற்காலியை மாற்றவில்லை, முதுகுதான் அதற்குப் பழகிக்கொண்டது. உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா?

நீங்கள் கேட்ட வேலை முடிந்துவிட்டது. கிளவுட் நிறுவனம் ஒன்றில் சின்னதாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்தேன். எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் நமக்கென்று ஓர் அறை பிடித்து, அண்ணனுக்கு அதில் மேசை போட்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டரை நிறுவி, வாசலுக்கு ஒரு முகவரி வாங்கி, வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி பூட்டும் போட்டாயிற்று. சர்வர் எதற்காவது நின்று கிளம்பினாலும் எடிட்டர் தானாக எழுந்துகொள்ளும். தினமும் எல்லா ஃபைலுக்கும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கும். முகவரியும் பாஸ்வேர்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? இதை அண்ணனே செய்திருக்கலாம். சர்வர் என்றால் என்னவென்று எனக்குக் காட்டிக் கொடுத்ததே அவர்தான். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் செய்வாரே, நேரமில்லையா?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பி,

சுகம். கண் எரிச்சல் என்னோடு பிறந்தது, அது போகாது. நீ ஜலதோஷம் என்று அண்ணனுக்கு அனுப்பியிருந்தாயாமே, வெந்நீர் குடி.

எடிட்டரைத் திறந்து காட்டினேன். சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவால்லை, நல்லா பெருக்கி வெச்சிருக்கான்" என்றார். உனக்கு அவர் கொடுக்கிற பெரிய பட்டம் அது. இப்போது அலுவலகக் கணினி பெட்டிக்குள் போய்விட்டது. ஒரே மேசை, ஒரே திரை. வீட்டில் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

இரண்டு சங்கடங்கள். ஒன்று, சில நேரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது என்று திரை சொல்கிறது. அது அவருக்கு ஆகவில்லை. மற்றொன்று பாஸ்வேர்டு. அதை எடுத்துவிட முடியுமா? துண்டுத்தாளில் எழுதி ஒட்டி வைத்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டார், "நான் என்ன ஸ்கூல் பையனா" என்று. சேமிக்கவா என்று கேட்காமல் அதுவாகவே சேமித்துக்கொள்ளும்படியும் செய்ய முடியுமா?

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், நேரமில்லை.

அண்ணி


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

ஜலதோஷம் போய்விட்டது. இங்கே மழை விட்டபாடில்லை.

இணைப்பு அறுந்தது என் தவறு. சர்வரில் நினைவகம் போதவில்லை. எடிட்டர் கொஞ்சம் அதிகமாக மூச்சுவாங்கினால் சர்வர் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறது. பெரிய சர்வருக்கு மாற்றிவிட்டேன். தானாகச் சேமிக்கவும் வைத்தாயிற்று.

பாஸ்வேர்டு இல்லாமல் வைக்க முடியாது, அண்ணி. அந்த அறைக்குள் நுழைந்தவன் ஃபைலைப் படிப்பதோடு நிற்கமாட்டான், சர்வரையே தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பான். இப்படித் திறந்து கிடக்கும் கதவுகளைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு நடுவழி செய்திருக்கிறேன். உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து வந்தால் ஒன்றும் கேட்காமல் திறக்கும். வேறெங்கிருந்து வந்தாலும் கதவே தெரியாது.

அண்ணன் நன்றாகத்தானே இருக்கிறார்? போன ஞாயிறு பேசியபோது என் அலுவலகம் எங்கே என்று இரண்டு முறை கேட்டார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். உனக்கு உடனே எழுத முடியவில்லை, அச்சகத்தில் பாடப்புத்தக வேலை குவிந்துவிட்டது.

நீ வைத்த கதவு நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. அதன்பிறகு எடிட்டர் திறக்கவில்லை. வீட்டு இணைய முகவரி மாறிவிட்டதாம், இணையக் கம்பெனிக்குப் போன் செய்தபோது சொன்னார்கள். எனக்கு அது புரிவதற்குள் நேரமாகிவிட்டது. வேலையிலிருந்து தன்னை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பிறகு எங்கள் கட்டடத்தின் கீழே ரொட்டிக்கடை வைத்திருப்பவர் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் பார்த்தாராம். நல்ல மனிதர்.

புது முகவரியை அனுப்பியதும் நீ திறந்துவிட்டாய், ஆனால் இது மறுபடி நடக்கக் கூடாது, தம்பி. வேறு வழி செய். வரும் வியாழக்கிழமை செய்தால் வசதி. அன்று அவர் பகல் முழுக்க மருத்துவமனையில் இருப்பார். பொதுவான பரிசோதனைதான். எனக்கு விடுப்பு இல்லாததால் ரொட்டிக்கடைக்காரர் கூட்டிப் போகிறார்.

இன்னொன்று. ஒரு ஃபைலில் நேற்று இருந்தது என்ன, இன்று மாறியது என்ன என்று பார்க்க வழி உண்டா? தெரியாமல் அழித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியுமா?

அண்ணி


மார்ச் 2, வியாழன்

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். வேலையை முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி வீட்டு முகவரி மாறினாலும் கவலையில்லை. அண்ணனுடைய பிரவுசருக்குள் வைக்க ஒரு சாவி ஃபைல் அனுப்பியிருக்கிறேன். ஒரு முறை ஏற்றிவிட்டால் போதும், அந்தக் கணினியைப் பார்த்ததும் சர்வர் கதவைத் திறந்துவிடும். பழைய வடிவங்களைப் பார்க்க எடிட்டரிலேயே வழி உண்டு. ஒவ்வொரு ஃபைலும் எந்த நாள் எந்த நேரம் எப்படி மாறியது என்று வரிசையாகக் காட்டும். எதையும் மீட்கலாம். யார் மாற்றியது என்று மட்டும் அதற்குத் தெரியாது. உள்ளே வருபவர் எல்லோருமே அதற்கு அண்ணன்தான்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். சாவியைப் பொருத்துவதற்குச் சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபைல் மாறிக்கொண்டிருந்தது. ஒரு வரி போனது, வேறொரு வரி வந்தது. அண்ணன் மருத்துவமனையில் இருக்கும்போது.

யார் எழுதுகிறார்கள், அண்ணி?

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பி,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் கேள்விக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுத உட்காருவேன், நலம் என்று போடுவேன், அதற்குமேல் ஓடாது.

நான்தான் எழுதுகிறேன். விடுப்பு இல்லை என்றது பொய். வீட்டில்தான் இருந்தேன்.

உன் அண்ணனுக்கு மறதி நோய். இந்த வயதிலேயே வருகிற வகை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் அப்பாவைப் பற்றி நான்தான் சொன்னேன். இதை உனக்குப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

போன வருடமே தொடங்கிவிட்டது. ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதி வைப்பார், பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். நான் என்ன செய்தேன் என்றால், முதல் புரூஃபையும் இரண்டாம் புரூஃபையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது போல நேற்றைய ஃபைலையும் இன்றைய ஃபைலையும் ஒப்பிட்டேன். இரட்டித்ததை எடுத்தேன், விட்டுப்போனதைச் சேர்த்தேன். முதலில் அவ்வளவுதான். பிறகு அர்த்தம் புரியத் தொடங்கியது. இணையத்தில் பாடம் படித்தேன். உன் எடிட்டர் வந்தபின் சுலபமாகிவிட்டது. அவர் தூங்கப் போனதும் என் கணினியில் அதே மேசையைத் திறந்து உட்கார்ந்துகொள்வேன். அலுவலகத்தில் இவர் அனுப்புவதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இவர் அனுப்பினால் சரியாக இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

இது தப்பு என்று எனக்குத் தெரியாதா? வேலை இருக்கிறது என்ற நினைப்பில்தான் காலையில் எழுந்து முகம் மழிக்கிறார். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் ஒருமுறை பார்த்தவர் அவர். கொஞ்ச நாள் தள்ளிப் போடுகிறேன், அவ்வளவுதான்.

நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரி எழுது. திட்டினாலும் சரி.

அண்ணி


ஜூன் 12

அன்புள்ள தம்பி,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனோடு பேசிவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, கோபம் என்றா என்று தெரியாமல் நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் குளிர் அறை பழுதாகிவிட்டது. சூடு ஏறியிருக்கிறது, எச்சரிக்கை போகவில்லை. காலையில் வந்து பார்த்தவர்கள் அத்தனை ரத்தப் பைகளையும் எடுத்துக் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கு அங்கே பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை. வேறு ஊரிலிருந்து ரத்தம் வந்து சேரும்வரை அவளை வைத்துக்கொண்டு தவித்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டாள். குழந்தையும் நலம். அவள் இன்னும் எழுந்து உட்காரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மேலாளர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார் உன் அண்ணன். என்ன மாற்றினீர்கள் என்று அவர் கேட்க, இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். விசாரணை நடக்கிறது.

என்ன தவறு நடந்தது என்று நீ ஒருமுறை உள்ளே போய்ப் பார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அண்ணி


ஜூன் 13

அண்ணிக்கு,

பார்த்தேன். நேற்று முழுக்க அதைத்தான் பார்த்தேன்.

அந்தக் குளிர் அறையில் இரண்டு வெப்பமானிகள் இருக்கின்றன. கதவருகே ஒன்று, உட்புறம் ஒன்று. ஒன்று ஏறினாலே எச்சரித்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். அதனால் முன்பு அண்ணன் இரண்டும் ஏறினால்தான் எச்சரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மே மாத நடுவில் ஒரு காலையில் அதை மாற்றியிருக்கிறார். 'மற்றும்' இருந்த இடத்தில் 'அல்லது'. இரண்டில் எது ஏறினாலும் எச்சரிக்கை. மாற்றியது ஒரே ஒரு சொல். ஏனென்று தேடினேன். உள்ளே இருக்கும் வெப்பமானி மே முதலே ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு செத்துக் கிடக்கிறது. அந்த அளவுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அவர் மாற்றியது சரி.

அன்று சாயங்காலம் அந்தச் சொல் பழையபடி 'மற்றும்' ஆகியிருக்கிறது. அதுதான் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. அப்பாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பிறகு படித்தேன். படித்தும் சும்மா இருந்தேன். அதனால் இதில் எனக்கும் பங்கு உண்டு.

இன்று காலை சர்வரை நிறுத்திவிட்டேன். மறுபடி திறக்கமாட்டேன். ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டிவரும்.

தம்பி


ஜூலை 16

டேய் தம்பி,

அண்ணன் எழுதுகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

பழைய கணினியில் தட்டுகிறேன். உன் எடிட்டரைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. முதல் நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உன் அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அதன்பிறகு எல்லாக் கடிதத்தையும் படித்துக் காட்டினாள், ஜனவரியிலிருந்து.

அந்த மே மாசத்துக் காலை எனக்கு நினைவிருக்கிறது. நான் அவளிடம் சொன்னேன், "உள்ள இருக்கிற தெர்மாமீட்டர் பொய் சொல்லுது, அதை நம்பாதே." அவள் சரி என்று சிரித்தாள். அதற்கு முந்தின வாரம்தான் சுவர்க் கடிகாரம் பொய் சொல்கிறது என்று நான் அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தேனாம். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. மேலாளர் போனில் கேட்டபோது, நான் அதை மாற்றினேனே என்றேன். அனுப்பியதில் மாறவில்லை என்றார். "அப்ப நான் மறந்திருப்பேன், மன்னிச்சுக்கங்க" என்று சொன்னேன். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். எனக்கு மறக்கவில்லைடா. எனக்கு மறக்காமல் இருக்கிறவை இப்போது கொஞ்சம்தான். அதில் ஒன்றை மறந்துவிட்டேன் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். நான் தேற்றவில்லை. மறுநாள் தேற்றினேன்.

அவள் என் ஃபைலில் கை வைப்பது எனக்கு முன்பே தெரியும். நான் எழுதும் குறிப்புகளில் முற்றுப்புள்ளி வைக்கமாட்டேன். அவள் வைக்காமல் விடமாட்டாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டால் நிறுத்திவிடுவாள், நிறுத்தினால் நான் எந்த அளவுக்குப் போய்விட்டேன் என்பது எனக்கே தெரிந்துவிடும். ஆக நானும் யோக்கியன் இல்லை.

மேலாளருக்கு நானே எழுதிவிட்டேன். என் நோய், அவள் திருத்தியது, அந்தச் செத்த வெப்பமானி, எல்லாம். அவர் வீட்டுக்கு வந்தார். ஆகஸ்டில் ஒரு பொறியாளர் பெண்ணை அனுப்புகிறார்கள், வேலையை ஒப்படைக்க வேண்டும்.

நீ சர்வரை நிறுத்தியது சரி. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் இத்தனை மாதம் என்னைப் பற்றியே எழுதிக்கொண்டீர்கள். எனக்கு ஒருவரும் எழுதவில்லை.

ரத்த வங்கி ஃபைல்களை எல்லாம் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து துடைத்துவிடு. பிறகு அந்த மேசையை எனக்குத் திறந்துவிடு. தவறாக எழுதினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத ஓர் இடம் எனக்கு வேண்டும்.

அப்பாவைப் பற்றி நீ பயப்படுவது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நேரில் பேசலாம். சீக்கிரம் வா, பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன். எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பி,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீ எப்படி? வருகிறேன் என்று அண்ணனுக்கு எழுதியிருந்தாய், தேதி போடவில்லை. மறுபடி பார்த்தேன், இல்லை.

சர்வரைத் திறந்துவிட்டதற்கு நன்றி. அந்தப் பொறியாளர் பெண் போன வாரம் வந்தாள். உன் அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். அந்த வெப்பமானி விஷயத்தை அவளுக்கு விளக்கியதைக் கேட்டிருக்க வேண்டும் நீ. ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அளவுகளைக் காட்டி, "பாரும்மா, உயிருள்ள கருவி கொஞ்சமாவது ஆடும். இது ஆடலை. அப்ப செத்துப்போச்சு" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். அவள் கிளம்பிப் போய்த் தேநீர்க் கோப்பைகளை நான் கழுவிக்கொண்டிருந்தபோது, வந்துவிட்டுப் போனது யார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நல்ல பெண் என்றார்.

விசாரணையில் நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிறுவனத்தின் மேல் என்ன நடவடிக்கை என்று இன்னும் முடிவாகவில்லை. சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது எங்கள் தவறு என்று மேலாளர் சொல்கிறார். அது உண்மையாக இருக்கலாம், எனக்கு அதில் ஆறுதல் இல்லை. எங்கள் தொழிலில் பிழையை விட்டுவிடுவதைக் காட்டிலும் பெரிய குற்றம் ஒன்று உண்டு, சரியாக இருப்பதைத் திருத்துவது. எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லைத் தொடாதே என்று புதிதாக வருபவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அவர் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார், நான் கேட்கவில்லை.

பிரசவத்துக்கு வந்த அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் மருத்துவமனை வாசல்வரை போனேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். முகவரி தரமாட்டார்களாம். தந்திருந்தாலும் போய் நின்று என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

உன் அண்ணன் தினமும் அந்த மேசையைத் திறக்கிறார். எங்கள் கட்டடத்துக்கென்று ஏதோ எழுதுகிறார். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பை எத்தனை மணிக்கு மூட்டினால் எத்தனை மணிக்கு ரொட்டி வெந்திருக்கும் என்று சொல்லுமாம். யாரும் கேட்கவில்லை. சில நாள் நன்றாகப் போகிறது. சில நாள் எழுதியதையே எழுதுகிறார். நான் என் கணினியிலிருந்த சாவியை எடுத்துவிட்டேன். இனி அவர் கணினி ஒன்றுதான் அந்தக் கதவைத் திறக்கும்.

நேற்றுக் காலை என்னைக் கூப்பிட்டார். "இது சரியா வரலை. என்னன்னு பாரு."

பார்த்தேன். தவறு எங்கே என்று உடனே தெரிந்தது. சொல்வதற்குள் எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. எனக்குத் தெரிந்ததுதான் தவறாக இருந்தால்? "இங்க ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கடையில் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "தெரியலை" என்றார். சற்றுக் கழித்து, "நீ மாத்து. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். தேதி எழுது.

அண்ணி